மொட்டை மேட்டின் வடக்குப் பக்கம்

ஒலிந்தா பசலாருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுதான் எல் கார்சால் ஊரில் பேச்சு. அது முழு உண்மையில்லை. ஒரே ஒரு பொய்யைப் பதினொரு வருடம் விடாமல் சொல்லிவந்தாள். மொட்டை மேட்டின் வடக்குப் பக்கம் வெயில் அதிகம், அங்கே வேலை செய்தால் தனக்குத் தலைவலி வந்துவிடும் என்பது அந்தப் பொய்.

மேட்டில் அகழாய்வு நடப்பது ஜூன் முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் எங்கள் கரையில் கடல்மூட்டம் இறங்கிவிடும். தன் நிழலைத் தானே பார்க்க முடிகிற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேஸ்திரி உபால்தோ இதைச் சும்மா விடுவாரா?

"சூரியன் மூஞ்சியப் பாத்து மூணு மாசம் ஆச்சு. உனக்கு மட்டும் எங்கேருந்தும்மா வெயில் வருது?"

"எனக்கு வருதுண்ணே. நீங்க தெக்குப் பக்கமே போடுங்க."

"தெக்குப் பக்கம் காத்துல மண்ணு கண்ணுல கொட்டுது. அவனவன் அங்கேருந்து தப்பிக்கப் பாக்குறான். நீ என்னடான்னா கேட்டு வாங்குற."

"கொட்டுறது என் கண்ணுல. உங்களுக்கு எங்க உறுத்துது?"

உபால்தோ சிரித்துவிட்டுத் தெற்கிலேயே போட்டுவிடுவார். வேண்டாத இடத்துக்கு ஆள் தானாக வந்தால் எந்த மேஸ்திரிக்குக் கசக்கும்?

உண்மைக் காரணம் வேறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம், இருபத்திரண்டு வயதில், ஒலிந்தா அந்த வடக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையைப் புதைத்திருந்தாள். அவளுடைய முதல் குழந்தை, பெண்.

அந்த வருடம் கடல் சூடேறிப்போய் நெத்திலி கூண்டோடு காணாமல் போனது. அவள் கணவன் கிரிசாந்தோ சூப்பே துறையில் நெத்திலிப் படகில் போகிறவன். மீனில்லாத துறையில் உட்கார்ந்து வலையை வேடிக்கை பார்ப்பதா என்று தெற்கே பிஸ்கோ பக்கம் சிப்பி அள்ளப் போய்விட்டான். ஒலிந்தாவுக்கு அப்போது ஏழாம் மாதம். மலையில் பெய்த மழையில் ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் உட்கார்ந்துவிட்டதால் பராங்காவிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. கிரிசாந்தோவின் அக்கா தெல்ஃபினாதான் பிரசவம் பார்த்தாள். குழந்தை அழவில்லை. தெல்ஃபினா அதைத் தாயிடம் காட்டாமலே துணியில் சுற்றிவிட்டாள். அது கெட்ட எண்ணத்தில் இல்லை. பார்த்தால் மறக்காது, பார்க்காவிட்டால் மறந்துபோகும் என்று அவள் நம்பினாள். அந்த விஷயத்தில் தெல்ஃபினாவுக்கு ஒன்றும் தெரியாது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் பாதிரியார். மரியாதையாகத்தான் சொன்னார். யாரும் சண்டைக்குப் போகவில்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் வேறு ஏற்பாடு இருந்தது. பழைய ஆட்கள் கட்டிவிட்டுப் போன மேடுகளை நாங்கள் வாக்கா என்போம். பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அங்கே இருப்பவர்களும் ஞானஸ்நானம் பெறாதவர்கள்தானே, நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்கு. ஊரில் பாதி வீட்டுக்கு மொட்டை மேட்டில் ஆள் உண்டு.

மேட்டின் வடக்குப் பக்கம் புதையல் தேடுகிறவர்கள் எப்போதோ தோண்டிப் போட்ட ஒரு குழி இருந்தது. உள்ளே இறங்கினால் சுவர் முழுக்கக் கோரைப் பைகள். கோரையை முறுக்கி, வலை போலப் பின்னி, ஒவ்வொன்றிலும் கல்லை நிரப்பி, பையோடு அடுக்கியிருந்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள். எங்கள் மண்ணில் மழை இல்லை, அதனால் எதுவும் மக்குவதில்லை. அடக்கம் செய்யப் பெட்டி இல்லாத குறைக்கு, ஒலிந்தா ஒரு பையிலிருந்த கற்களைக் கொட்டிவிட்டு மாமியார் கையால் நூற்று நெய்த பழுப்புப் பருத்தித் துணியில் சுற்றிய அந்தச் சின்ன மூட்டையை அதில் வைத்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கண்ணேறு படாமலிருக்க முன்பே வாங்கி வைத்திருந்த வைரூரோ விதைகளை மூட்டையின் கழுத்தில் கட்டினாள். குன்றிமணியைவிடப் பெரிதாக, பாதி சிவப்பு பாதி கறுப்பாக இருக்கும் விதை அது. சந்தையில் கோத்துக் கொடுத்த நூல் அறுந்துபோயிருந்தது. வீட்டில் கிரிசாந்தோவின் நைலான் தூண்டில் நரம்புதான் இருந்தது, அதில் கோத்திருந்தாள். பையைச் சுவரின் பொந்துக்குள் தள்ளிக் கல் வைத்து அடைத்தாள். அவ்வளவுதான் சடங்கு.

நாலு மாதம் கழித்துக் கிரிசாந்தோ திரும்பி வந்தான்.

"எங்க வெச்ச?" என்றான்.

"வாக்காவுல."

தலையாட்டினான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்து வளர்ந்து லிமாவில் டாக்ஸி ஓட்டப் போனார்கள். ஊரார் பிழைத்துவந்த பருத்திக் கூட்டுறவு கலைந்தது. ஒலிந்தா கொஞ்ச காலம் ஆஸ்பராகஸ் வயலில் குனிந்து அறுத்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில்தான் மேட்டு வேலை வந்தது.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. மண் சுரண்டும் கரண்டியைப் பிடித்த ஒரு வாரத்தில், மண்ணுக்குள் கோரை இருப்பதைக் கை முதலில் சொல்லிவிடும், கண் பிறகுதான் பார்க்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். கோரைப் பைகளை அவளிடம்தான் கொடுப்பார்கள். பின்னலைப் பார்த்து, இந்தப் பையும் அந்தப் பையும் ஒரே கை, இது இடதுகைக்காரர் முடிச்சு என்று பிரித்து வைப்பாள். ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர் நொயேமி அல்சமோரா லிமாக்காரர், படிப்பாளி, கண்டிப்பானவர். ஒரு கூழாங்கல்லைக் கேட்காமல் நகர்த்தியதற்காக ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பியவர். அவரே இந்த விஷயத்தில் ஒலிந்தா சொன்னதை எழுதிக்கொள்வார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால், மண்பானைகூடச் செய்யத் தெரியாத காலத்தில், இத்தனை பேரை இத்தனை கல் சுமக்க வைத்தது யார்? அரசன் சமாதி இல்லை, ஆயுதம் இல்லை, மதிலும் இல்லை. மேடு இருக்கிறது, அதன் முன்னால் தரைக்குள் இறங்கிய வட்ட முற்றம் இருக்கிறது, நெருப்பு எரித்த குழி இருக்கிறது. கடற்கரையிலிருந்து நெத்திலி வந்திருக்கிறது, உள்ளேயிருந்து வலைக்குப் பருத்தி போயிருக்கிறது.

"அடிச்சு வேலை வாங்கியிருப்பாங்களோ?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்.

ஒலிந்தா அவித்த சர்க்கரைவள்ளியைத் தோலுரித்துக்கொண்டே சொன்னாள். "அடிச்சு வாங்குன வேலைல முடிச்சு இப்படி இருக்காது டாக்டரம்மா. கடைசி வரிசையப் பாருங்க, ரெண்டு சுத்து கூடச் சுத்தியிருக்கா. எப்படியும் கல்லப் போட்டு மூடப்போற பை. யாரும் கேக்காத வேலை அது."

இது பிறகு டாக்டரம்மா எழுதிய ஒரு பெரிய கட்டுரையில் வந்தது. நன்றி சொல்லும் இடத்தில் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு நன்றி என்று இருந்தது. அந்த உள்ளூர்த் தொழிலாளர் யார் என்று எழுத ஒரு வரி ஆகியிருக்கும், அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

பன்னிரண்டாம் வருடம் வேலை வடக்குப் பக்கத்துக்கு வந்தது. ஒலிந்தா தன் தலைவலியைச் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஆய்வு அறையில் சிப்பி கழுவிப் பிரிக்கிற வேலையில் உட்கார வைத்தார். பழைய குழி முப்பது வருட மணலில் தூர்ந்து அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அது வரைக்கும் வரமாட்டார்கள் என்று நினைத்தாள். சொல்லலாம் என்றும் நினைத்தாள். சொன்னால் எப்படிச் சொல்வது, பாதுகாக்கப்பட்ட இடத்தில் புதைத்ததற்கு என்ன சட்டமோ என்று தள்ளிப்போட்டாள். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் உபால்தோவின் கரண்டி அங்கே போய் நின்றது.

எல்லோரும் ஓடினார்கள். ஒலிந்தாவும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நின்றாள். ஒரு கோரைப் பை, உள்ளே பழுப்புத் துணி மூட்டை. டாக்டரம்மா பையோடு தூக்கி வெள்ளைப் பெட்டியில் வைத்து எண் எழுதினார். வடக்கு நாற்பத்தேழு. மேடு கட்டும்போது இட்ட காணிக்கை, ஒரு கைக்குழந்தை என்றார். யாரும் தொடக்கூடாது, லிமாவில் குளிரறையில் கேமரா வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றார். கோரையில் ஒரு இழையை எடுத்து, எவ்வளவு பழசு என்று கணிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

ஏழு வாரம் அந்தப் பெட்டி ஆய்வு அறையின் அலமாரியில் இருந்தது. ஒலிந்தா பத்தடி தள்ளி உட்கார்ந்து சிப்பி கழுவினாள். ஊரில் பாதி வீட்டுக்கு அங்கே ஆள் இருக்கும்போது, இது தன்னுடையதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? கிரிசாந்தோவிடமும் வாய் திறக்கவில்லை. அலமாரியைத் துடைக்கும் முறை வந்தபோது மட்டும் அந்தத் தட்டைத் தானே துடைத்தாள், வேறு யாரையும் விடவில்லை.

அக்டோபரில் கணக்கு வந்தது. நாலாயிரத்து இருநூறு வருடம்.

நாலாயிரத்து இருநூறு என்றால் அது அவளுடையது இல்லை. டாக்டரம்மாவின் எண்கள் தப்பாது என்று பதினொரு வருடமாகப் பார்த்தவள் ஒலிந்தா. அன்று வீட்டுக்குப் போய்ப் பயறு வேகவைத்து, மீன் பொரித்து, இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. ஏழு வாரம் பத்தடி தூரத்தில் பிள்ளையோடு இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை என்றாகிவிட்டதே என்றுதான் அழுதாள்.

மறுநாள் டாக்டரம்மா தொழிலாளிகளை எல்லாம் அறைக்குள் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை லிமாவிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், அதற்கு முன் கண்டெடுத்தவர்களுக்குக் காட்டுவதுதான் முறை என்றார். அது நல்ல குணம், சொல்லத்தான் வேண்டும். பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, துணியின் மடிப்பில் எட்டிப் பார்த்த ஒரு விதையைக் காட்டினார். பாதி சிவப்பு, பாதி கறுப்பு.

"இது நம்ம கரையில காய்க்கிற விதை இல்ல. மலைக்கு அந்தப் பக்கம், காட்டுல காய்க்கிறது. அப்பவே அவ்வளவு தூரத்துக்குப் போக்குவரத்து இருந்திருக்கு."

உபால்தோ கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இத பராங்கா சந்தையில கூறு கட்டி விக்கிறாங்களே டாக்டரம்மா. என் பேரனுக்குக்கூட வாங்கிக் கட்டுனேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். "பாத்தீங்களா அண்ணே? நாலாயிரம் வருசமா அதே வியாபாரம் நடக்குது."

ஒலிந்தா சிரிக்கவில்லை. விதையின் கறுப்புப் பாகத்தில் ஓர் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. நரம்பு நுழைவதற்காக ஊசியைக் காய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்கியபோது அவள் கையால் பெயர்ந்த சில்லு அது. அன்று முழுக்க அவள் கழுவிய சிப்பிகளை மறுநாள் திரும்பக் கழுவ வேண்டியிருந்தது.

காலையில் முதல் ஆளாக வந்தாள். பத்திரிகைக்காரர்கள் பார்த்ததும் லிமாவுக்கு அனுப்பத் தோதாக டாக்டரம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, அதப் பிரிக்க வேணாம்."

"ஊர்ல பேசிக்கிட்டீங்களா? திரும்பப் புதைக்கணும்னு உபால்தோ அண்ணன் அனுப்பிச்சாரா?"

"யாரும் அனுப்பல. அது என் பிள்ளை."

டாக்டரம்மா கயிற்றைக் கீழே வைத்தார். குரல் மென்மையானது, பைத்தியத்திடம் பேசுகிறவர்களுக்கு வருகிற மென்மை. "உக்காருங்கக்கா. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது நாலாயிரத்து இருநூறு வருசம்."

"பை நாலாயிரத்து இருநூறு வருசம். பிள்ளைக்கு முப்பத்தொண்ணு."

"என்ன?"

"பைய அங்க குழிக்குள்ளதான் எடுத்தேன். கல்லக் கொட்டிட்டு இத வெச்சேன். பெட்டி இல்ல. அந்த விதையக் கோத்திருக்கிறது என் வீட்டுக்காரரோட தூண்டில் நரம்பு. மடிப்ப நகம் அளவுக்குத் தூக்கிப் பாருங்க, தெரியும். அதுக்கு மேல தூக்காதீங்க."

டாக்டரம்மா விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியை எடுத்து, இடுக்கி நுனியால் துணி மடிப்பை ஒரு நகம் அளவு தூக்கினார். நரம்பு விளக்கில் மின்னியது. இடுக்கியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் காதுகள் சிவந்துபோயின.

"பதினோரு வருசம் என் பக்கத்துல வேலை பாத்தீங்க," என்றார். "ஆகஸ்ட்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வரப்போறாங்க. அமைச்சர் ஆபீஸ் வரைக்கும் சொல்லியாச்சு. நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"தப்புதான். ஆகஸ்ட்ல பயந்தேன். அப்புறம் நீங்க நாலாயிரம்னு சொன்னப்ப நானே நம்பிட்டேன்."

டாக்டரம்மா சிரித்தாரா, அழப்போனாரா என்று ஒலிந்தாவுக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். பன்னிரண்டு வருட உழைப்பில் வந்த பெரிய கண்டுபிடிப்பு அது. இந்த ஊரில் நாலு பேரின் வேலையும் அதை நம்பித்தான் அடுத்த வருடம் இருந்தது, ஒலிந்தாவின் வேலையும் அதில் சேர்த்தி. அவர் அதைச் சொல்லவில்லை. ஒலிந்தாவுக்கும் அது தெரியாமலில்லை.

"எண் போட்டுப் பதிவு பண்ணியாச்சுக்கா," என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "பதிவான பொருள வெளிய விடணும்னா படிவம் இருக்கு. பிரிச்சுப் பாத்து, உள்ள என்ன இருக்குன்னு எழுதி, நான் கையெழுத்துப் போடணும். பிரிக்காம முடியாது."

"அது மூஞ்சிய நானே பாக்கல டாக்டரம்மா. நாத்தனார் சுத்திட்டா, காட்டல. பெத்தவ பாக்காத மூஞ்சிய கேமராக்காரன் பாப்பானா?"

"நீங்க வேணா இப்ப..."

"வேணாம். முப்பத்தொரு வருசம் ஆச்சு. இப்பப் பாத்தா அது மூஞ்சி இல்ல."

வெளியே உபால்தோ ஆட்களை அதட்டிக்கொண்டு வாளிகளை இறக்கும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா மேசைக்கு வந்து ஒரு படிவத்தை எடுத்தார். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவர் அதுவரை ஒரு வரி எழுதியதில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, மேலே எண்ணை எழுதினார். பிரித்துப் பார்க்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினார். உள்ளே இருந்தவை என்ற இடத்தில் பருத்தித் துணி, விதை, தூண்டில் நரம்பு என்று எழுதினார். காலம் என்ற இடத்தில், சமீபத்தில் இடப்பட்டது என்று எழுதினார். எழுத்து எப்போதும் போலவே நேராக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஒலிந்தா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தலைகீழாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'அறிவியல் மதிப்பு' என்று இருந்தது.

"இதுல 'இல்ல'ன்னு போட்டாத்தான் விடுவாங்க," என்றார் டாக்டரம்மா. தலை நிமிரவில்லை. பேனாவும் அசையவில்லை.

"போடுங்க டாக்டரம்மா," என்றாள் ஒலிந்தா. "'இல்ல'ன்னே போடுங்க."

டாக்டரம்மா எழுதினார். படிவத்தைத் திருப்பி வைத்தார். சாட்சி கையெழுத்துப் போடும் இடம் அந்தச் சொல்லுக்கு நேர் கீழே இருந்தது. ஒலிந்தா காகிதத்தில் அழுக்குப் படாமல் கையைப் பாவாடையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, மதிப்பு இல்லை என்பதற்கு அடியில் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.